நுகர்வோர் கேள்வி-பதில்: தேனீப் பெட்டிக்கு ஆப் வாங்கலாமா?

கேள்வி: நாற்பது தேனீப் பெட்டிகள் வைத்துப் பிழைக்கிறேன். பெட்டி திறந்து பார்க்கும் குறிப்புகளை ஒரு ஆப்பில் எழுதி வந்தேன். இந்த வருடம் சந்தாவை இரு மடங்காக்கினார்கள். கட்டாததால் பழைய குறிப்புகளையே பூட்டிவிட்டார்கள். கேட்டால், "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்கிறார்கள்.
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். விலையேற்றத்தை விடுங்கள், குறிப்புகளை முடக்கியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. பெட்டியின் எடையைப் போனுக்கு அனுப்பும் கருவி ஒன்று வாங்கினேன். ஒரு சீசன் ஓடியது. கம்பெனி சர்வரை நிறுத்தியதும் எடைக் கணக்கு மொத்தமும் போயிற்று. ரப்பர் மரம் தளிர்த்துத் தேன் வரும் நாளில் எந்தப் பெட்டி எவ்வளவு ஏறியது என்ற கணக்கை வைத்துத்தானே அடுத்த வருடம் எந்தக் கூட்டத்தைப் பிரிப்பது என்று முடிவு செய்கிறோம்? கொட்டு வாங்கி எழுதியவருக்குச் சொந்தமான குறிப்பு அது. எந்த ஆப்பானாலும் இரண்டு பெட்டிக் குறிப்பை எழுதி, எக்செல் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டு ஆப்புகள் பல இத்தாலியத் தேனீயை மனதில் வைத்துச் செய்தவை. வர்ரோவா உண்ணி எத்தனை, குளிர்காலத்துக்குத் தீனி இருக்கிறதா என்று கேட்கும். நம் இந்தியத் தேனீ மனம் கோணினால் பெட்டியையே விட்டுப் போய்விடும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கூட்டங்களை அழித்தது தாய் சாக்புரூட் வைரஸ். அந்த நோய் வந்தால், மூடி திறந்த அறையில் தலை நிமிர்ந்து செத்துக் கிடக்கும் புழு, எடுத்தால் தண்ணீர்ப் பை போல வரும். இதையெல்லாம் எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பத்துப் பெட்டிதான். நோட்டுப் புத்தகம் போதாதா?
- கொடைக்கானல் வாசகி

பதில்: தாராளமாகப் போதும்.

கேள்வி: "பெட்டியைத் திறக்கவே வேண்டாம், சென்சாரே நோயைச் சொல்லும்" என்றார் விற்பனையாளர். ரொக்கமாகக் கொடுத்தேன், பில் இல்லை. இரண்டு கூட்டம் செத்துவிட்டது.
- தென்காசி வாசகர்

பதில்: பில் ஏன் வாங்கவில்லை? எத்தனை முறைதான் சொல்வது! வாட்ஸ்அப் பேச்சையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள், அவையும் சாட்சியம்தான். புழு வளரும் இடத்தில் வெப்பம் சுமார் 35 டிகிரி இருக்கும். அது சரிந்தால் சென்சார் காட்டும். ஏன் சரிந்தது என்பதை அடையைத் தூக்கிப் பார்த்தால்தான் அறியலாம். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். அறையில் முட்டை தெரிந்தால், மூன்று நாள் முன்புவரை ராணி இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். செத்த கூட்டம் திரும்பாது, உங்கள் வருத்தம் புரிகிறது. பணத்தையாவது விடாதீர்கள்.

கேள்வி: ஆப்பை அழித்த பிறகும் மாதாமாதம் பணம் போகிறது.
- ஈரோடு வாசகர்

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ-யில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது 2023ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல்படி தவறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-இல் புகார் செய்யுங்கள்.