கயிற்றின் மறுமுனை

அன்புள்ள ஐயா,

இமயத்தின் அன்னபூர்ணாவில் ஏறிய மொரீஸ் எர்சோக்கின் நூலை ஒரே மூச்சில் படித்தேன். இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். பிறகுதான், அவருடன் உச்சியைத் தொட்ட லூயி லாஷ்னாலின் குறிப்புகள் வேறு மாதிரி பேசுகின்றன என்று தெரிந்தது. ஏமாந்துவிட்டது போல இருக்கிறது. மலையேற்ற நூல்களை நம்பிப் படிக்கலாமா? அடுத்து எதை எடுக்கட்டும்?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் ஏமாறவில்லை, பாதி படித்திருக்கிறீர்கள். ஒரே கயிற்றின் இரு முனைகள் போல இருவர் சேர்ந்து ஏறிய மலை அது. ஒரு முனையில் இருந்தவர் எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் மலை முழுதாகத் தெரியாது. அதனால் நான் இந்த நூல்களை முடிந்தவரை ஜோடியாகத்தான் படிக்கிறேன்.

1950 ஜூன் 3. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய எந்தச் சிகரத்தின் உச்சியிலும் அதுவரை யாரும் நின்றதில்லை. லாஷ்னாலுக்குப் பாதம் மரத்துக்கொண்டு வருகிறது. நான் திரும்பினால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். தனியாகப் போவேன் என்கிறார் எர்சோக். அப்படியானால் நானும் வருகிறேன் என்று லாஷ்னால் நடக்கிறார். எர்சோக்கின் நூலில் இது பரவசமான இடம். லாஷ்னாலோ மலை வழிகாட்டியாகவே வாழ்ந்தவர். தனியே விட்டால் இவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தே கூடப் போயிருக்கிறார். தேசப் பெருமைக்காகப் போகவில்லை, கயிற்றுத் துணைக்காகப் போனேன் என்று எழுதி வைத்தார். 1955இல் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். மறு ஆண்டு வந்த அவருடைய நூலில் இந்தப் பகுதி இல்லை. வெட்டாமல் அச்சானது 1996இல்தான். நாற்பது ஆண்டுகள்! நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக எர்சோக்கை ஒதுக்கிவிடாதீர்கள். இறங்கும் வழியில், பையைத் திறப்பதற்காகக் கழற்றிய கையுறைகள் சரிவில் உருண்டு போவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்கும் இடம் நினைவிருக்கிறதா? பையில் மாற்றுக் காலுறை இருக்கிறது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை. விரல்கள் போயின. மருத்துவமனையில் படுத்தபடி வாயால் சொல்லித்தான் நூலை எழுதவைத்தார். அந்த உயரத்தில் மூளை எப்படி மங்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியாது.

அடுத்து ஜோ சிம்ப்சனின் ‘டச்சிங் த வாய்ட்’ எடுங்கள். 1985, பெரு நாட்டில் சியூலா கிராண்டே. கால் முறிந்த சிம்ப்சனை, கூட ஏறிய சைமன் யேட்ஸ் கயிற்றில் கட்டி இறக்குகிறார். இரண்டு கயிறுகளை முடிந்து நீளமாக்கியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து விடும் தகட்டில் அந்த முடிச்சு நுழையாது. ஒவ்வொரு தடவையும் கீழே சிம்ப்சன் நல்ல காலை ஊன்றி நின்று கயிற்றைத் தளர்த்தினால்தான் மேலே யேட்ஸ் முடிச்சை மாற்ற முடியும். இருட்டில், பனிப்புயலில், சிம்ப்சன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிடுகிறார். ஊன்ற இடமில்லை, கயிறு தளரவில்லை. யேட்ஸ் உட்கார்ந்திருக்கும் பனிக்குழியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறார்.

விழுந்தவர் பிழைத்துத் தவழ்ந்து வந்து எழுதிய நூல் அது. அதில் யேட்ஸ் வரும் பகுதிகள் யேட்ஸின் குரலில், ‘நான்’ என்றே இருக்கும். அவரிடம் கேட்டு அந்த ‘நான்’ஐ எழுதியவரும் சிம்ப்சன்தான். யேட்ஸைப் பழித்தவர்களுக்கு அவர் பதில் சொன்ன விதம் அது. அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் படித்ததே இல்லை.

புயலில் சிக்கிப் பலர் இறந்த 1996 எவரெஸ்ட் விபத்தைப் படிப்பதானால், அதிலிருந்து பிழைத்து வந்த பத்திரிகையாளர் ஜான் கிராக்கௌரையும், அவர் குறை சொன்ன வழிகாட்டி அனதோலி புக்ரீவையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டும் 1997இல் வந்தவை. உச்சி என்ற சொல்லே அலுத்துப்போனால் நேன் ஷெப்பர்ட் என்ற எழுத்தாளரின் ‘த லிவிங் மவுண்டன்’ இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கெயர்ன்கார்ம் மலைகளுக்குள் நடந்து திரிந்ததைப் பற்றிய சின்ன நூல். நாற்பதுகளில் எழுதி, 1977 வரை அச்சேறாமல் கிடந்தது.

லாஷ்னால் விவகாரத்தை விரிவாக அறிய டேவிட் ராபர்ட்ஸின் ‘ட்ரூ சம்மிட்’ கிடைத்தால் படியுங்கள். படித்துவிட்டு எர்சோக்கை மறுபடி எடுத்து, லாஷ்னால் அந்தக் கேள்வியைக் கேட்கும் பக்கத்துக்குப் போங்கள். என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.