ஹேக் கோடைக்காலச் சட்ட வகுப்பு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசச் சட்ட அகாதெமியின் கோடை வகுப்பில் படித்தவன் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி விசா பற்றி. ஆனாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரை, சட்டம் நான்காம் ஆண்டு: அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

1923 முதல் நடக்கும் வகுப்பு இது. ஜூலையில் மூன்று வாரம் பொதுச் சர்வதேசச் சட்டம், அதாவது நாடுகளுக்கு இடையிலான சட்டம். அடுத்த மூன்று வாரம் தனியார் சர்வதேசச் சட்டம். கணவர் சென்னையில், மனைவி டொரான்டோவில் என்றால் விவாகரத்து எந்த நாட்டுச் சட்டப்படி என்பது மாதிரியான சிக்கல்கள். ஒன்றுக்கு மட்டும் போகலாம், இரண்டுக்கும் போகலாம். அமைதி மாளிகை வளாகத்திலேயே வகுப்பு. ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றமும் அதே வளாகம்தான்.

விரிவுரைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும், ஹெட்போனில் உடனடி மொழிபெயர்ப்பு வரும். பேராசிரியர் பிரெஞ்சில் ஒரு நகைச்சுவை சொன்னால் அரங்கில் பாதிப் பேர் உடனே சிரிப்பார்கள், ஹெட்போன் மாட்டியவர்கள் கொஞ்சம் கழித்துச் சிரிப்பார்கள். சிலர் தாளைப் பார்த்து ஒரே குரலில் வாசிப்பார்கள். தலைப்பை முன்கூட்டியே படித்துவிட்டுப் போகாதவர் இரண்டாம் நாளே தூங்கிவிடுவார். அங்குள்ள நூலகத்துக்காக மட்டுமே கூடப் போகலாம்.

கோவை: இந்தச் சான்றிதழ் இருந்தால் ஐ.நா.வில் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. அது வருகைச் சான்றிதழ். டிப்ளமோ என்று தனியாக ஒரு தேர்வு உண்டு, மிகக் கடினம், தேறுபவர்கள் மிகக் குறைவு.

சேலம்: ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆக உதவுமா?

யு.பி.எஸ்.சி. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. சான்றிதழுக்காகப் போகாதீர்கள்.

யாழ்ப்பாணம், அரசறிவியல் மாணவி: நான் சட்டம் படிக்கவில்லை. ராஜதந்திரம்தான் ஆர்வம்.

அப்படியானால் ஹேக் வேண்டாம், ஜெனீவாவைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடும். இலங்கை பற்றிய தீர்மானங்கள் அங்கே எப்படி வரிவரியாகப் பேரம் பேசப்படுகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதுகலை மாணவர்களுக்காக ஐ.நா.வே ஜூலையில் ஒரு படிப்புத் திட்டம் நடத்துகிறது. ஊர் பயங்கரச் செலவு. விடுதியில் தங்கினால் உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

திருச்சி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க?

குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது நெதர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதம் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கண்ணீர்தான் மிஞ்சும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நெல்லை: விசா எத்தனை நாள் முன்னால்...

மேலே.

வேலூர்: ஜூன் மாதம் விண்ணப்பித்தால் போதுமா?

போதாது. மேலே!

ராமநாதபுரம்: கச்சத்தீவை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாதா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

இதற்குத்தான் காத்திருந்தேன். முதலில், அந்த நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். தமிழ்நாடு அரசோ மீனவர் சங்கமோ முடியாது. 2008இல் ஜெயலலிதா போனதும் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குத்தான். சரி, இந்திய அரசே போனால்? இரு தரப்பும் சம்மதித்தால்தான் விசாரணை. நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தியா ஏற்ற அறிவிப்பிலேயே காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை விலக்கி வைத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. அந்த அறிவிப்பு 1974 செப்டம்பரில் வந்தது. தீவு இலங்கைக்கு என்று முடிவான கச்சத்தீவு ஒப்பந்தம் அதே ஆண்டு ஜூனில். 2019இல் அறிவிப்பைப் புதுப்பித்தபோதும் அந்த விலக்கை எடுக்கவில்லை.

1999இல் பாகிஸ்தான் தன் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதாக வழக்குப் போட்டது. பாகிஸ்தானும் காமன்வெல்த் நாடு என்பதால் இந்தியா இதே விலக்கைக் காட்டியது. விசாரிக்க அதிகாரமில்லை என்று 2000 ஜூனில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் பூட்டிய கதவு நமக்கும் பூட்டுதான்.

சென்னை, வழக்கறிஞர்: தவறு. உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா பாகிஸ்தானை அங்கேதானே இழுத்தது?

சார், அது வேறு வழி. தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கைக்கு ஒரு விருப்ப நெறிமுறை உண்டு, அதாவது தகராறு வந்தால் இந்த நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஏற்கும் கூடுதல் ஒப்பந்தம். இரண்டு நாடுகளும் அதில் சேர்ந்தவை. அதன்படி போனதால் காமன்வெல்த் விலக்கு குறுக்கே வரவில்லை. 2019இல் 15க்கு 1 என்று இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. கச்சத்தீவுக்கு அப்படி எந்த உடன்படிக்கையைக் காட்டுவீர்கள்?

அதே வழக்கறிஞர்: கடல் சட்ட உடன்படிக்கை இருக்கிறதே. இத்தாலி நம்மை அதில்தானே இழுத்தது?

நல்ல கேள்வி. 2012இல் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம், ஒருவர் கொல்லம். இத்தாலி அந்த உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றம் போனது. அந்தக் கடற்படையினரை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் முடிவு. அது கடலில் நடந்த சம்பவம். தீவு யாருடையது என்பது நிலத்தின் மீதான இறையாண்மை. அதைத் தீர்ப்பது தங்கள் வேலையல்ல என்றுதான் இந்த மன்றங்கள் சொல்லி வருகின்றன.

திருப்பூர்: போலீஸே இல்லாத கோர்ட், அதெல்லாம் சட்டமா?

நிகரகுவா 1986இல் அமெரிக்காவுக்கு எதிராக ஜெயித்தது. தீர்ப்பை அமலாக்கக் கேட்டு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் போனது, அமெரிக்கா வீட்டோ போட்டது. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் எல்லைத் தகராறுகளில் பெரும்பாலான நாடுகள் தீர்ப்பை ஏற்றுக்கொள்கின்றன. அவை செய்தியாவதில்லை.

கரூர்: புதினுக்குப் பிடிவாரண்டு போட்டது இந்தக் கோர்ட்தானே?

இல்லை. அது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். அதே ஊர், வேறு கட்டடம், வேறு ஒப்பந்தம்.

புதுச்சேரி: உதவித்தொகை உண்டா?

உண்டு. ஆனால் கோடைக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும்.

தஞ்சாவூர்: சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஹேக்கில் சுரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர். அவர்கள் கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் கிடைக்கும், மிளகாய்ச் சாந்தைத் தனியாகத் தருவார்கள். அதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நம் ஊர்க் காரத்தை விட அதிகம்.