கிராஃப் தியரி மனப்பாடத்துல வராது தம்பி, வரைஞ்சு பாரு

கேள்வி: அக்கா, யூனில செகண்ட் இயர் மேத்ஸ் படிக்கிறேன். கிராஃப் தியரில டெஃபனிஷன், தியரம் எல்லாம் தலைகீழா சொல்வேன், ஆனா டியூட்டோரியல்ல ப்ரூஃப் எழுதச் சொன்னா கை ஓடவே மாட்டேங்குது. ஃபைனல்ஸுக்கு ஆறு வாரம் இருக்கு, எப்படிப் படிக்கிறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த நோட்ஸ மூடி வச்சிட்டு வெள்ளைப் பேப்பரும் பென்சிலும் எடு. கிராஃப்னா புள்ளிகளும் அதுகள இணைக்கிற கோடுகளும்தான். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மேப்ல தோபி காட் ஸ்டேஷன ஒரு புள்ளியா பாரு, வடக்கு-தெற்கு லைன்ல ரெண்டு பக்கம், வடகிழக்கு லைன்ல ரெண்டு பக்கம், சர்க்கிள் லைன் அங்க வந்து முடியறதால அதுல ஒண்ணே ஒண்ணு, ஆக டிகிரி, அதாவது அந்தப் புள்ளில வந்து சேர்ற கோடுகளோட எண்ணிக்கை, 5. இப்ப கணித மேதை ஆய்லர் 1736ல எழுதின கோனிக்ஸ்பெர்க் பாலங்களுக்குப் போ, அந்த ஊர்ல எல்லாப் பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து நடக்க முடியுமாங்கிறதுதான் புதிர். 7 பாலம், நாலு நிலப்பகுதி, டிகிரி 5, 3, 3, 3, கூட்டினா 14, அதாவது பாலத்தோட எண்ணிக்கையப் போல ரெண்டு மடங்கு, ஏன்னா ஒவ்வொரு பாலத்தையும் ரெண்டு முனையிலயும் எண்ணிட்டோம். ஒரு இடத்துக்குள்ள போய் வெளிய வந்தா ரெண்டு பாலம் செலவாகும், அப்போ ஒற்றைப்படை டிகிரி ஆரம்பிக்கிற இடத்துலயும் முடியற இடத்துலயும் மட்டும்தான் இருக்கலாம், இங்க நாலுமே ஒற்றை, அதனால எல்லாப் பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடக்கிற மாதிரி நடக்கவே முடியாது. பாத்தியா, ப்ரூஃப் முடிஞ்சிடுச்சு, இதுல மனப்பாடம் எங்க இருக்கு?

நிறைய பேர் மார்க் விடற இடம் இண்டக்ஷன், அதாவது n-க்கு உண்மைன்னு வச்சுக்கிட்டு அடுத்ததுக்கும் உண்மைன்னு காட்டற முறை. "எல்லா வெர்டெக்ஸுக்கும் (புள்ளிக்கும்) டிகிரி குறைஞ்சது 1 இருந்தா கிராஃப் கனெக்டட் (ஒரே துண்டு)" இது தப்பு, தனித்தனியா ரெண்டு கோடு போடு, நாலு புள்ளி, எல்லாத்துக்கும் டிகிரி 1, ஆனா ரெண்டு துண்டு. அப்படியும் "n வெர்டெக்ஸுக்கு உண்மைன்னு வச்சுக்குவோம், புதுசா ஒண்ணு சேத்து பழசோட இணைச்சா கனெக்டட் தானே"ன்னு எழுதினா ப்ரூஃப் மாதிரியே தெரியும். பெரிய கிராஃப் எல்லாமே அப்படிச் சின்னதுல ஒண்ணு சேத்து வந்ததுன்னு யார் சொன்னா? அந்த ரெண்டு கோட்டுல ஒரு புள்ளிய அழி, அதோட ஜோடி டிகிரி 0 ஆயிடும், கண்டிஷனே போச்சு. அதனால எப்பவும் பெரிய கிராஃப்ல இருந்து ஆரம்பி, ஒண்ண எடு, மிச்சத்துல கண்டிஷன் நிக்குதான்னு பாரு, அப்புறம் எடுத்தத திரும்பச் சேத்துடு. இந்த ஒரு பழக்கத்துக்காகவே ரெண்டு வாரம் செலவு பண்ணலாம், நான் சத்தியமா சொல்றேன்.

பீட்டர்சன் கிராஃப விடாதே, பாதி எதிர் உதாரணம் அதுலயே கிடைக்கும். 1லிருந்து 5 வரைக்கும் உள்ள எண்கள்ல ரெண்டு ரெண்டா எடுத்தா 10 ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, பொது எண் இல்லாத ஜோடிகள இணை, ஒவ்வொண்ணுக்கும் 3, மொத்தம் 15 கோடு. எல்லாப் புள்ளியையும் ஒரே ஒரு தடவை தொட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பற ஹாமில்டன் சைக்கிள் அதுல கிடையாது, ஏன்னு நீயே தேடு. மாட்டிக்கிட்டா அந்தப் பேப்பர தூக்கிப் போடாம டியூட்டர்கிட்ட அப்படியே கொண்டு போய், எந்த வரில நின்னுட்டேன்னு காட்டு.