கரும்புச் சக்கையில் பிரேக் பேடா? ஃபீனிக்ஸ் அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கோபம் பாதி, பயம் பாதி இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள், கரும்புச் சக்கை நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்தி ஒரு பிரேக் பேட் செய்து பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைத்திருக்கிறாள். இப்போது "இதைத்தான் படிப்பேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் பல வருடமாகப் பிரேக், கிளட்ச் கடை நடத்தும் நீங்கள், "சூட்டில் கருகிப் போகிற சரக்கு, இதற்கா யூனிவர்சிட்டி?" என்று கேட்கிறீர்கள்.

கருகும், அண்ணா. தாவர நார் 200 டிகிரியைத் தாண்டும்போதே சிதையத் தொடங்கிவிடும். 300-ஐத் தாண்டினால் அதில் உள்ள செல்லுலோஸ் வேகமாக எரிந்து போகும். ஊருக்குள் ஓடும் காரின் பிரேக் பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. வான் ரீனன் கணவாயில் சுமையோடு இறங்கும் லாரி போகும். அந்த நாற்றமும், கண்ணாடி மாதிரி வழவழத்துப் போன பேடும் உங்களுக்குப் புதிதா என்ன? மிதித்தும் பிடிக்காத அந்த 'ஃபேட்' எத்தனை டிகிரியில் தொடங்குகிறது, எந்தச் சரக்கைக் கூட்டினால் தள்ளிப் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் வேலையே. நீங்கள் கோபத்தில் கேட்ட கேள்வியை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

நாரிலேயே முழுப் பேடும் செய்வதாக யாரும் சொல்லவில்லை. ஒரு பேடுக்குள் பத்துப் பதினைந்து சரக்கு இருக்கும்: பினாலிக் பிசின், பாரைட், கிராஃபைட், அலுமினா, உலோகத் தூள், நார். வீட்டுக்கு வீடு மசாலா மாறுவது மாதிரி கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். சணல், சிசால், வாழைநார், தேங்காய் நார் எதுவானாலும் ஆராய்ச்சியில் பெரும்பாலும் எடையில் சில சதவீதம்தான் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதையும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மெழுகையும் அழுக்கையும் நீக்கி, காயவைத்த பிறகுதான். இல்லாவிட்டால் பிசின் நாரோடு ஒட்டாது. ஈரம் குடிக்கிற குணமும் நாருக்கு உண்டு. டர்பன் காற்றில் அது ஒரு தனித் தலைவலி.

ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உங்கள் கடையில் அலமாரியில் இருக்கும் பேடுகள் பலவற்றில் ஏற்கெனவே தாவரச் சரக்கு இருக்கிறது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இறுகவைத்துப் பொடித்துச் சேர்ப்பது பல பத்தாண்டுப் பழக்கம். சத்தம் குறையும், பிடி சீராக இருக்கும். இங்கிலாந்தில் 1897-ல் பிரேக் கட்டைத் தொழிலை ஆரம்பித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் பருத்தி நெசவைத்தான் பிசினில் தோய்த்துப் பயன்படுத்தினார். அது சூடு தாங்கவில்லை என்றுதான் 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் போனார்கள். அந்த ஆஸ்பெஸ்டாஸை நம் தென்னாப்பிரிக்காவே வெட்டி உலகத்துக்கு விற்றது. சுரங்க ஊர்களில் எத்தனை பேர் நுரையீரல் போய்ச் செத்தார்கள் என்பது தெரிந்த கதைதான். 2008-ல் இங்கே தடை வந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் விட்டுப்போன இடத்தில் கண்ணாடி நார், அரமிட், எஃகுக் கம்பளி, செம்பு எல்லாம் வந்தன. செம்புத் தூள் ஆற்றில் சேர்ந்து மீனைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியா 2010-ல் சட்டம் போட்டு, 2025 முதல் பேடில் அதை அரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி புகைக்குழாயோடு நிற்கவில்லை. பிரேக்கிலிருந்து பறக்கும் நுண்தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3. நமக்கென்ன என்று இருக்க முடியாது. டர்பன் ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா செய்யும் ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. ஆக, பேடுக்குள் என்ன போடுவது என்ற கேள்வி இப்போதைக்கு ஓயாது.

சரி, அதற்காக உங்கள் மகள் சொல்வது அப்படியே சரி என்று நான் சொல்லவில்லை. 'இயற்கை நார் பிரேக் என்ஜினீயர் தேவை' என்று இந்த நாட்டில் எவரும் விளம்பரம் கொடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு பொருளைக் குறிவைத்துப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. பாட்டன் பூட்டன் வெட்டிய கரும்பாயிற்றே என்ற பாசத்தை வைத்தும் படிப்பை முடிவு செய்யக்கூடாது. அவள் படிக்க வேண்டியது கெமிக்கல் அல்லது மெக்கானிக்கல் என்ஜினீயரிங். என்னைக் கேட்டால் கெமிக்கல்தான் என்பேன். சரக்கைக் கலந்து பார்ப்பதில்தான் அவளுக்கு ஆசை, வண்டியைக் கழற்றுவதில் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கெமிக்கல் படித்தால் கரும்புச் சக்கையும் கைவிடாது. ஆலைக்காரர்கள் அதைக் கழிவாக நினைப்பதில்லை. எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். ஸ்டாங்கர் ஆலையில் அதிலிருந்து காகிதம் செய்கிறார்கள். செசலாவில் ஃபர்ஃபுரால் என்ற ரசாயனம் எடுக்கிறார்கள், அதுவும் பிசின் செய்ய உதவும் சரக்கு. சர்க்கரை ஆலைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் டர்பனில் இருக்கிறது. பிரேக் வேலை கிடைக்காவிட்டாலும் இந்தக் கதவுகள் உண்டு, பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்சாலைகளும் உண்டு.

இனி, என்னை உண்மையிலேயே கவலைப்படவைத்த வரிக்கு வருகிறேன். "கணக்கு கஷ்டமாக இருக்கிறது, மேத்ஸ் லிட்டரசிக்கு மாறிவிடட்டுமா என்கிறாள்" என்று, முழுக் கணக்குக்குப் பதிலாக எடுக்கும் அந்த எளிய பாடத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மாறவிடாதீர்கள். மாறினால் என்ஜினீயரிங் கதவு அன்றைக்கே மூடிவிடும். பிரேக்காவது, சர்க்கரையாவது! கணக்கும் பௌதிக அறிவியலும் இரண்டும் வேண்டும். கணக்கில் எந்தப் பாடத்தில் தடுக்குகிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவில் விட்ட ஓட்டைதான் பதினொன்றில் ஒழுகும். பேட் செய்யும் வேலையை இரண்டு மாதம் ஒதுக்கிவைத்துவிட்டு டியூஷனுக்கு அனுப்புங்கள். அவள் அழுதாலும் பரவாயில்லை.

மார்க் நன்றாக வந்தால் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட என்ஜினீயரிங். கொஞ்சம் குறைந்தால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். பின்னதைக் கேவலமாக நினைக்காதீர்கள், கைவேலை அங்கே அதிகம். இரண்டுக்குமே சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் மனுப்போட வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் போடலாம். கடை வருமானம் அதைத் தாண்டும் என்றால் கம்பெனிகள் தரும் பர்சரிகளை (படிப்பு உதவித்தொகை) இப்போதே தேடத் தொடங்குங்கள்.

அப்புறம், சனிக்கிழமைகளில் அவளைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். கழற்றிப் போடும் பழைய பேடுகளை எடுத்து வைக்கட்டும். எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மேட்டுப் பக்கமா கடலோரமா, மிச்சமிருக்கும் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரே வண்டியில் உள் பேடும் வெளி பேடும் ஏன் வேறு வேறாகத் தேய்கின்றன என்று நீங்கள் விளக்கினால் அது எந்தக் காலேஜிலும் சுலபமாகக் கிடைக்காத பாடம். நார் போட்ட துண்டு ஒன்று, போடாத துண்டு ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்து எடை பார்த்தாளா என்றும் கேளுங்கள். கண்காட்சி நடுவர்கள் கேட்பது அதைத்தான்.

இரண்டு கண்டிப்பு. அவள் செய்த பேடை எந்த வண்டியிலும், விளையாட்டுக்குக்கூட மாட்டக்கூடாது. பழைய டிரம் லைனிங் தூசியைக் கம்பிரசரால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தடைக்கு முந்தைய ஆஸ்பெஸ்டாஸ் சரக்கு இன்னும் சில பழைய வண்டிகளில் இருக்கலாம்.

இந்த வருடக் கடைசி ரிப்போர்ட் வந்ததும் கணக்கு, பௌதிகம் மார்க் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். மனுவில் எதை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.