கருமுட்டை இருப்பும் மரபணுவும்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பெண்களின் கேள்விகள்

ஃபீனிக்ஸ்: வயது 34. ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முதலில் 0.6. போன வாரம் வேறு லேபில் 4.3. கூடிவிட்டதா அக்கா?

பதில்: கூடவில்லை தங்கச்சி. முதல் ரிப்போர்ட் நானோகிராமில், இரண்டாவது பைக்கோமோலில். 0.6-ஐ 7.14-ஆல் பெருக்கினால் அதே 4.3தான். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். இந்த அளவு குறைவுதான். ஆனால் ஐ.வி.எஃப். ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைத்தான் ஏ.எம்.எச். ஓரளவு சொல்லும், முட்டையின் தரத்தைச் சொல்லாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்திருந்தால் குறைத்துக் காட்டும். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

டோங்காட்: என் அக்காவின் மகனுக்கு ஃப்ராஜைல் எக்ஸ் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணுக் கோளாறு). எனக்கு 36, நாலு மாதமாக மாதவிடாய் இல்லை. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அந்த மரபணு மாற்றம் உங்கள் அக்காவைப்போல உங்களிடமும் இருக்கலாம். (தம்பி மகனாக இருந்தால் கவலையில்லை. அவனுக்கு எக்ஸ் குரோமோசோம் அவன் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும்.) முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனை; 25-க்கு மேல் இருந்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி பார்ப்பது நல்லது. கூடவே தைராய்டு, கேரியோடைப் (குரோமோசோம்களைப் பார்க்கும் பரிசோதனை), ஃப்ராஜைல் எக்ஸுக்குக் காரணமான எஃப்.எம்.ஆர்.1.

எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற துண்டு திரும்பத் திரும்ப வரும். 45-க்குக் கீழே இயல்பு. 55 முதல் 200 வரை முன்மாற்றம். அதற்கு மேல் முழு மாற்றம். சினைப்பையைக் கெடுப்பது முன்மாற்றம்தான். அது இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பை செயலிழக்கிறது. எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை, 70 முதல் 100 வரை உள்ளவர்களுக்கே அதிகம். பலர் ஏமாறும் இடம் ஒன்று: சாதாரண எக்ஸோம் பரிசோதனை (பல மரபணுக்களை ஒரே தடவையில் படிப்பது) இந்தத் துண்டுகளை எண்ணாது. அதில் 'நார்மல்' என்று வந்தாலும் நம்பாதீர்கள், 'எஃப்.எம்.ஆர்.1 ரிப்பீட்' என்றே டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்குமுன் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீடு) அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அப்பாவும் அம்மாவும் மாமா பிள்ளை, அத்தை பிள்ளை. எனக்கும் தங்கைக்கும் 30 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிட்டது.

பதில்: உங்களுக்கு ஜீன் பேனல் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனை) நிச்சயம் தேவை. ஸ்டாக்3, எம்.சி.எம்.8 போன்ற மரபணுக்கள் இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாக வந்தால்தான் பாதிக்கும். சொந்தத்தில் கட்டிய வீடுகளில் அது கூடுதல். கேரியோடைப்பில் ஒய் குரோமோசோம் துண்டு தெரிந்தால் கட்டி வரும் ஆபத்து உண்டு, சினைப்பையை எடுக்கச் சொல்வார்கள். ஹார்மோன் மருந்தை, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், 50 வயதுவரை விடாதீர்கள். எலும்புக்கு அது வேண்டும்.

சாட்ஸ்வொர்த்: முட்டையைக் கூட்ட மருந்து உண்டா?

பதில்: இல்லைம்மா. சிகரெட் பிடித்தால் விடுங்கள். மாதவிடாய் ஓரிரண்டு வருடம் முன்னதாக நிற்க அது காரணமாகிறது.