டை ராடு எண்ட் கழல மறுத்தால் எங்கே அடிப்பது?

கேள்வி: கடலோர ஊர், பதினைந்து வருடக் கார். முன் வலது டை ராடு எண்டை (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் முனை மூட்டு) நானே மாற்றலாம் என்று இறங்கினேன். நட் கழன்றுவிட்டது. எண்டின் போல்ட் முனையில் எவ்வளவு அடித்தும் எண்ட் நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) விட்டு வரவில்லை. எண்டை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டும் அசையவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். போல்ட் முனை நசுங்கினால் மறை கெட்டுவிடும். அப்புறம் நட்டைத் திரும்ப ஏற்றவும் முடியாது.

அந்த போல்ட் நேரான உருளை அல்ல. நக்கிளுக்குள் இருக்கும் பகுதி கூம்பாகச் சிறுத்துப் போகும். துளையும் அதே சரிவில்தான் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க, மரத்தில் அடித்த ஆப்பு மாதிரி கவ்விக்கொள்ளும். துருவே இல்லாத புதுக் காரிலும் நட்டைக் கழற்றியதும் எண்ட் கையோடு வந்துவிடாது. உங்கள் ஊர் உப்புக்காற்று அந்தப் பிடியை இன்னும் இறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் அடி விழ வேண்டிய இடம் போல்ட் அல்ல, போல்ட்டைச் சுற்றியிருக்கும் நக்கிளின் காது. நட்டை நான்கைந்து சுற்று ஏற்றி விடுங்கள்; எண்ட் திடீரென்று தெறிக்காது, மறையும் பிழைக்கும். காதின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். நூறு சின்ன அடியைவிட நான்கு நல்ல அடி மேல். அடி விழும் நொடியில் துளை மிக லேசாக வடிவம் மாறி, கூம்பின் பிடி விடும். ‘டக்’கென்று சத்தம் வந்து எண்ட் நட்டின் மேல் தொங்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். பால் ஜாயிண்ட் புல்லர் (போல்ட்டை அழுத்தித் தள்ளிக் கழற்றும் கருவி) இருந்தால் அதை நன்றாக இறுக்கி வைத்துக்கொண்டு காதில் அடியுங்கள், இன்னும் சுலபம். நக்கிள் அலுமினியமாக இருந்தால் மட்டும் சுத்தியல் வேண்டாம், புல்லர்தான்.

ஆனால் அதற்கு முன் லாக் நட். இந்த வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். எண்ட் நக்கிளில் இறுகி நிற்கும்போதே லாக் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். நக்கிளே எண்டைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இரவே மறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் ராடை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ராடைப் பிடிக்காமல் திருகினால் ரேக் பூட் (ராடின் உள்முனையை மூடியிருக்கும் ரப்பர் உறை) முறுக்கிக் கிழியும். அசைய மறுத்தால், இறுக்கும் பக்கமும் தளர்த்தும் பக்கமும் மாற்றி மாற்றி அசைத்தால் துரு உதிர்ந்து வழிவிடும்.

அப்படியும் வராவிட்டால் சூடு காட்டச் சொல்வார்கள். வீட்டில் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பக்கத்திலேயே ரப்பர் பூட், கிரீஸ், பிரேக் ஹோஸ் எல்லாம் இருக்கின்றன. அந்த நிலைக்கு வந்தால் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பி இவ்வளவு அடி அடிக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக் குறித்து, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். ராடின் மறையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (மறை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவலாம். கூம்பில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, துடைத்துக் காய்ந்த நிலையில் பொருத்துங்கள். நட்டைக் கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். நட் தானாகக் கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் போடும் துளை நட்டின் வெட்டுக்கு நேர்வராவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள். அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கி, புதுப் பின்னாகப் போடுங்கள். பிறகு வண்டியை மெதுவாக ஓட்டி நேராக வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டு போங்கள். சுற்று எண்ணியது அங்கே போய்ச் சேரும்வரைக்கும்தான்.