யாழ்ப்பாணத்தில் வாடகை வீடுகளுக்குச் சட்டம் வந்தால் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி வைத்துவிடுவார்களா?

கேட்டவர் எழுதியிருந்தது: "திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, முற்பணமும் கூடுகிறது. அரசு தலையிட வேண்டும் என்றால், தலையிட்டால் ஒருவரும் வீடு தரமாட்டார்கள் என்று தரகர்களும் வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். அது உண்மையா?"

பாதி உண்மை. வாடகைத் தொகையை அரசே இவ்வளவுதான் என்று இறுக்கிப் பிடித்தால் அவர்கள் சொல்வது நடக்கும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம், முற்பணத்துக்கு ஒரு எல்லை, கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு, வீட்டை விட்டு எழும்பச் சொல்வதற்கு முன் போதிய அவகாசம் ஆகிய நாலும் சட்டமாக வந்தால் யாரும் வீட்டைப் பூட்டப் போவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் வீட்டுக்காரர் பக்கம் போய் முடிகிறது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோண்டாவிலில் வாடகை வீட்டில் இருக்கிறேன். சுவிஸில் இருக்கும் சித்தப்பாவின் கொக்குவில் வீட்டை, அவருக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்க அவர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவத்தை வைத்து நான்தான் வாடகைக்கு விட்டுப் பராமரிக்கிறேன். இரண்டு பக்கத்துப் பயமும் எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுக்காரர் பயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அது வெறும் சாட்டு இல்லை. உலகப் போர்க் காலத்தில், 1942 இல், இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு தொடங்கியது. 1948 இல் அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக வந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. உள்ளூராட்சி சபை வரிக்காக மதிப்பிட்ட ஆண்டுப் பெறுமதியை வைத்துத்தான் நியாய வாடகை கணக்கிடப்பட்டது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை நகராமல் நின்றது. குடியிருப்பவரை எழுப்புவதற்கான பிரிவு, மாத வாடகை 100 ரூபாவுக்கு மேலா கீழா என்று வீடுகளைப் பிரிக்கிறது. 100 ரூபாவுக்கு இன்று என்ன வாங்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வருடமே, 1973 இல், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பீட்டர் கெனமன். கணவன், மனைவி, தங்கி வாழும் பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஒன்று, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் அளவு வீடுகளைத்தான் வைத்திருக்கலாம் என்றது அந்தச் சட்டம். மிஞ்சிய வீடுகள் அரசிடம் போயின, குடியிருந்தவர்கள் அவற்றை வாங்க விண்ணப்பிக்க முடிந்தது. வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்று இன்றும் ஒரு வயதான ஐயா சொன்னால், அவர் அந்தக் காலத்தை வைத்துத்தான் சொல்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலே இன்னொரு பயமும் உண்டு. 1990 இலும் 1995 இலும் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியது. திரும்பி வந்தபோது வேறு யாரோ இருந்தார்கள், அல்லது இராணுவம் இருந்தது. ஒரு காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்ற பழைய ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் வேறு தலைக்கு மேலே நின்றது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்று 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்ததென்றால், பிரச்சினை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும். அப்புறம், இங்கே பல வீடுகள் மகளுக்குச் சீதனமாக எழுதியவை, அல்லது எழுத வைத்திருப்பவை. கலியாணம் சரிவந்தால் உடனே வீடு வேண்டும். அதனால் ஒரு வருடத்துக்கு மேல் எழுத்தில் கையெழுத்து வைக்க மனம் வராது. இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, அந்தப் பயத்துக்கு அரசு என்ன செய்தது? 1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1980 இல் வந்த திருத்தம், அதன் பின் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் பெரும்பகுதியை வாடகைச் சட்டத்துக்கு வெளியே எடுத்தது. 2002 இல் இன்னும் தளர்த்தினார்கள். பிழையான கட்டுப்பாட்டை எடுத்தது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து, அதே சட்டத்தில் இருந்த நல்லவையும் போயின. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது என்ற விதி, முறைப்பாட்டை விசாரிக்க வாடகைச் சபை, எழுப்புவதற்கு நியாயமான காரணம் வேண்டும் என்ற விதி, எல்லாமே இன்று நாங்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தொடுவதில்லை. நீங்கள் எழுதிய முற்பணப் பிரச்சினையின் வேர் இதுதான்.

பிறகு 2023 இல், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கான சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 1 ஆம் இலக்கச் சட்டமே அதுதான். நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை முடிந்த பிறகும் எழும்பாமல் இருப்பவரை, வருடக்கணக்கில் வழக்கு இழுபடாமல், சுருக்கமான நடைமுறையில் எழுப்ப அது வழி செய்கிறது. வீட்டுக்காரரும் கட்டட முதலீட்டாளரும் வங்கிக்காரரும் இப்படி ஒன்று வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். நான் அதை எதிர்க்கவில்லை. சித்தப்பாவின் வீட்டுக்கு அது எனக்கே உதவும். என் ஆதங்கம் என்னவென்றால், அதே காலத்தில் குடியிருப்பவர் பக்கத்துக்காக எழுதப்பட்ட ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

காரணம் எளிது. கேட்க ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் வணிகருக்குச் சங்கம் உண்டு, தனியார் பஸ்காரருக்குச் சங்கம் உண்டு, கடற்றொழிலாளருக்குச் சங்கம் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் கூடிப் பேசிய ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர்கள் எப்படிச் சங்கம் வைப்பது?

அவர்கள் படும் பாடோ வெளியில் தெரிவதில்லை. நான் முன்பு இருந்த வீட்டில் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்தேன், பற்றுச்சீட்டு தரவில்லை. கிராம அலுவலரிடம் என் பெயரை அந்த விலாசத்தில் பதியக் கேட்டபோது, பதிந்தால் பிறகு உரிமை கேட்பீர்கள் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்கள். இது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வாக்காளர் இடாப்பும் வதிவிட ஆவணங்களும் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். பதிவும் இல்லை, எழுதிய குத்தகை உறுதியும் இல்லை என்றால், பாடசாலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் அந்தப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. வாடகையைவிட இந்தக் கவலைதான் இளம் குடும்பங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போடிங்குகளில் கரன்ட் பில்லை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மீற்றரைக் காட்டாமல் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லப்படுகிறது. அதோடு "எந்த ஊர், அங்கே எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள்" என்று கேட்டு, சாதியைக் கண்டுபிடித்த பிறகு "வீடு ஏற்கெனவே பேசியாச்சு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வாடகைக் கொள்கை பற்றிப் பேசுபவர்கள் இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் இருக்கும் இடங்களைப் பார்த்தால், சங்கம் இருந்தால் என்ன நடக்கும் என்று விளங்கும். இங்கிலாந்தில் காரணமே சொல்லாமல் இரண்டு மாத அவகாசத்தில் எழுப்ப 1988 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 21 ஆம் பிரிவு இருந்தது. அதை நீக்குவோம் என்று 2019 இல் அரசு வாக்குக் கொடுத்தது. வீட்டு உரிமையாளர்களின் தேசிய சங்கம், முதலில் நீதிமன்றங்களைச் சீர்செய்யுங்கள், பிறகு நீக்குங்கள் என்று விடாமல் வாதாடியது. அரசும் 2023 இல் அதையே சொல்லித் தள்ளிப்போட்டது. 2024 தேர்தலோடு அதை நீக்கவிருந்த சட்டமூலமே செத்துப்போனது. கடைசியில் வேறொரு அரசு 2025 ஒக்டோபரில்தான் சட்டமாக்கியது. வாக்குக் கொடுத்து ஆறு வருடம். அந்தச் சங்கம் செய்தது சட்டப்படி சரியான வேலைதான், நீதிமன்றத் தாமதமும் உண்மைதான். ஒரு தரப்பு ஒழுங்காகக் கூடி நின்றால் ஒரு சட்டத்தை எவ்வளவு காலம் பிடித்து வைக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

சுவிஸில் கதை வேறு. அங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பலமான சங்கமும் உண்டு. சொந்தத் தேவைக்கென்று வீட்டுக்காரர் எழுப்புவதை இலகுவாக்கவும், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவருக்கு விடும் உள்வாடகையை இறுக்கவும் நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்களை நிறைவேற்றியது. வீட்டு உரிமையாளர் சங்கம் அவற்றுக்குப் பின்னால் நின்றது. வாடகையாளர் சங்கம் கையெழுத்துச் சேர்த்து விசயத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 2024 நவம்பர் 24 இல் இரண்டு திருத்தங்களும் தோற்றன. சித்தப்பா அங்கே வாடகை வீட்டில் இருப்பவர், அதனால் வேண்டாம் என்று வாக்குப் போட்டார். அங்கே தனக்கு இருக்கும் பாதுகாப்பை இங்கே தன் வீட்டில் இருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவரோடு பேசினேன். ஒத்துக்கொண்டார். கொக்குவில் வீட்டுக்கு இப்போது நொத்தாரிசு உறுதி இருக்கிறது.

எங்கள் ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? இதற்கு விடை, மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்திலேயே இருக்கிறது. மாகாண சபை நிரலில் வீடமைப்பு என்ற தலைப்பின் கீழ், வாடகைக்கு இருப்போரைப் பாதுகாக்கும் சட்டத்தையும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் மாகாணத்துக்குள் நடைமுறைப்படுத்துவது மாகாணத்தின் வேலை என்று எழுதியிருக்கிறது. காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம். இந்த வரியைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. நடைமுறைப்படுத்த வேண்டிய கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருக்க வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் வாய்ப்பேச்சில் விடுகிறார்கள், ஏனென்றால் நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்து சிறிய வாடகைக்குப் பெரிய செலவு. வாடகை வருமானம் இறைவரித் திணைக்களத்துக்குத் தெரியவரும் என்ற தயக்கமும் உண்டு. குடியிருப்புக்கான சிறிய குத்தகைகளுக்கு முத்திரைத் தீர்வையை எடுத்துவிட்டு, ஒரு பக்க மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் வெளியிட்டால், அரசுக்குப் பெரிய நட்டம் வராது. உறுதி எழுதிய வீட்டுக்காரருக்கு 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரைவு வழி கிடைக்கும், குடியிருப்பவருக்குப் பாடசாலைக்கும் கிராம அலுவலருக்கும் காட்ட ஆவணம் கிடைக்கும். இதில் எந்த வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டுவார்? பூட்டிய வீடுகள் இப்போதே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன, அவை சட்டத்தால் பூட்டப்பட்டவை இல்லை. உரிமையாளர் கனடாவில் இருக்கிறார், அல்லது நாலு சகோதரர் பங்கு பிரிக்கவில்லை.

முற்பணத்துக்கு மூன்று மாத எல்லையை எல்லா வீடுகளுக்கும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் அடுத்த கோரிக்கை. தமிழ்நாட்டிலும் புதிய சட்டத்தில் அதே மூன்று மாதம்தான், அங்கே வாடகை வீடுகள் மறைந்துவிடவில்லை. வாடகைத் தொகையை மட்டும் சந்தையிடம் விடுங்கள், அதில் வீட்டுக்காரரோடு நானும் நிற்பேன்.

நீங்கள் திருநெல்வேலியில் இருந்தால் உங்கள் வீடு நல்லூர் பிரதேச சபைக்குள் வரக்கூடும். 2025 இல் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆதன வரிக்காக ஒவ்வொரு வீட்டின் விபரமும் சபையிடம் இருக்கிறது. பத்துக் குடும்பங்கள் கையெழுத்து வைத்த ஒரு கடிதத்தோடு உங்கள் வட்டார உறுப்பினரைப் பாருங்கள், மாதிரிப் படிவமும் முற்பண எல்லையும் வேண்டும் என்று சபையில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதத்தை எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.